கடைசி நாள் படம்

ஆறினவன் எவன் திரும்பி வந்தான், முதலில் அதைச் சொல்லுங்கள் என்று அந்தப் புண் சிகிச்சைச் சங்கத்துக்காரர்களை நேரில் பிடித்து நிறுத்திக் கேட்க வேண்டும்போல் இருந்தது நேசபாய்க்கு, முட்டம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் பையும் பையின்மேல் போனுமாக... சங்கத்தில் சேருகிற விண்ணப்பத்தில் ஏழாவது கேள்விதான் சனியன், நீங்களே கட்டுப் போட்டு முழுதும் ஆற்றிய சர்க்கரைப் புண் ஒன்று, முதல் நாள் படம், கடைசி நாள் படம், கடைசி நாளன்று அதே பாதத்தில் வேறு புண்ணோ புண் வரப்போகிற அடையாளமோ இருக்கக் கூடாது. முதல் நாள் படமென்றால் கூடை கூடையாகத் தருவாள், இந்தப் போனுக்குள் நாலாயிரம் கால் கிடக்கிறது, அழுகின கால், சீழ் கோத்த கால், எலி கடித்ததுகூடத் தெரியாமல் தூங்கினவன் கால், பேத்தி பிறந்தநாள் படத்தைத் தேடினால் நடுவில் நாலு குதிகால் வந்து நிற்கும். கடைசி நாள் படம் எங்கே போவது, கால் நேரானவன் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பானா, மதினி வீட்டுக் கல்யாணம், வள்ளம் இறக்கணும், பஸ் கிடைக்கல, அப்படியே நின்றுவிடுவான், ஆறாதவன் மட்டும் வருவான், வந்து வந்து ஒரு நாள் காலில்லாமல் வருவான். இருபத்தாறு வருசம் டிரஸ்ஸிங் ரூமில் நின்றவளுக்கு ஆறின புண் ஒன்றைக்கூட முழுதாகப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை என்பது இந்தக் கேள்வி வந்த பிறகுதான் உறைத்தது.

அஞ்சு மணிக்குள் போட்டுவிட வேண்டும், இன்றோடு கடைசி. டிசம்பர் ஒண்ணாம் தேதி ஆஸ்பத்திரியில் புண்ணுக்கென்று தனிப் பிரிவு திறக்கிறார்கள், ஏசி, சாய்கிற நாற்காலி, கண்ணாடிக் கதவு, இத்தனை வருசம் கக்கூசுக்குப் பக்கத்து அறையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள் நேசபாய், ஆனால் பொறுப்பு நர்ஸ் சங்க உறுப்பினராக இருக்கணுமாம், மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னான், ரூல் சிஸ்டர், நான் என்ன செய்ய. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிவந்த கதை. இவள் சேராவிட்டால் அந்தப் பொறுப்பு ஜூனியர் நர்ஸ் ஜின்சிக்கு, பாம்பு என்று அதைச் சொன்னால் பாவம், இருபத்தேழு வயதுப் பிள்ளை, காஸ் துணியை எப்படிப் பிடிக்கணும் என்று இவள்தான் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தாள், அது படிக்கும்போதே சங்கத்தில் சேர்ந்துவிட்டது, இப்போது இவளை முன்மொழிந்து கையெழுத்துப் போடுவதும் அதுதான், நீங்க படத்த மட்டும் ஏத்துங்க சிஸ்டர், மத்தத நான் பாத்துக்கிடுதேன் என்கிறது, கெட்ட பிள்ளையாக இருந்தாலாவது மனசு ஆறும். டாக்டர் முருகதாஸ் மட்டும் என்ன, போன வருசம் கொச்சியில் மாநாடு, மேடையில் திரை கட்டிப் பேசினாரே, ஜின்சி வாட்ஸப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது இவள் எடுத்த படம், இவள் கட்டிய கால், முட்டத்து அல்போன்ஸின் குதிகால். புண்ணுக்குப் பக்கத்தில் ஓரத்தில் சென்டிமீட்டர் கோடு போட்ட சின்ன வெள்ளைத் தாளை வைத்துத்தான் படமெடுப்பது வழக்கம், தாளைப் பிடித்திருந்த இவள் விரலை வெட்டிவிட்டிருந்தார்கள், தாளில் இவள் எழுதிய தேதி அப்படியே இருந்தது, அந்த உருண்டை உருண்டையான ஒன்பது. கீழே டாக்டர் பெயர். பெரிய மனுசன், ஏறெடுத்துப் பார்த்துச் சிஸ்டர் நல்லாக் கட்டியிருக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் நாக்கா அழுகிப்போகும்? நோயாளியை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்காமல் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவனெல்லாம் வைத்தியனா என்று அன்று புருசன் செல்வதாஸிடம் கத்தினாள், அந்த மனுசன் பேப்பரை மடக்காமலே, விடு பிள்ளே, இந்த வயசுல ஒனக்கு எதுக்கு மேடையும் மாலையும் என்றார்.

அல்போன்ஸ் வந்த நாள் நினைவிருக்கிறது, பொண்டாட்டி கிளாரா முன்னால், பின்னால் ஆட்டோக்காரன் தோளில் தொங்கிக்கொண்டு அல்போன்ஸ், காலில் பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது, அவிழ்த்ததும் பக்கத்து அறைக்காரன் எழுந்து போனான், குதிகாலில் முட்டை போகிற குழி. தூண்டில் முள் ஏறி பதினோரு நாள், வலிக்கவே இல்ல சிஸ்டரே என்று பெருமையாகச் சொன்னான் அந்த மனுசன், வலிக்காததுதானே வியாதி, கால் செத்துக்கிடக்கிறது, தீக்கங்கை வைத்தாலும் தெரியாது. ஐந்து மாசம், வாரத்தில் மூன்று நாள், செத்த சதையைச் சுரண்டி, கழுவி, வைத்துக் கட்டி, வீட்டில் வெறுங்காலோடு நடக்கிறான் என்று கிளாராவை ஏசி, குழி ரூபாய்க் காசானது, உளுந்தானது, அரிசிமணியானது, அரிசிமணியோடு ஆள் வருவதை நிறுத்திவிட்டான். ஃபைலில் டாக்டர் எழுதிவைத்தார், தொடர்ந்து வரவில்லை என்று. நேற்று பழைய நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டபோது கிளாரா எடுத்தாள். அய்யோ சிஸ்டரா, அது எப்பமே மூடிப்போச்சே, வந்து பாருங்க... அந்த ஒரு வார்த்தையில் நேசபாய்க்கு நெஞ்சு அடித்த அடி, சொந்தப் பிள்ளை பரீட்சையில் ஜெயித்தபோதுகூட அடிக்கவில்லை.

அம்மாண்டிவிளை தாண்டியதும் காற்றில் உப்பு, பிறகு கருவாட்டு வாசம், இறங்கி லைட்ஹவுஸைப் பார்க்க நடந்து, மாதா சிலை வைத்த கெபியைத் தாண்டி மூன்றாவது வீடு. அல்போன்ஸ் நடந்து வந்து கேட்டைத் திறந்தான், வெறுங்காலோடு, அதைப் பார்த்ததும் வாய் வரை ஏச்சு வந்தது, முழுங்கிக்கொண்டாள், இன்று ஏச வரவில்லை. எனக்க வேலைக்கு ஒரு படம் வேணும்ணே, காலத் தருவியளா என்றாள். ஒங்களுக்கு இல்லாத காலா சிஸ்டரே, என்று அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தான். அதற்குள் கிளாரா உள்ளேயிருந்து ஒரு நகைக்கடைப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்து காட்டினாள், சிவப்புத் துணியில் ஒரு வெள்ளிக் கால், கட்டைவிரல் நீளம், தகட்டில் அடித்தது, ஐந்து விரலும் உண்டு. கோட்டாறு சவேரியாருக்கு நேந்திருந்தோம், நேந்த பொறவு பத்து நாளு, கேட்டியளா, பத்தே நாளுல மூடிப்போச்சு, என்றாள். நீங்க கெட்டுப் போட்டிய, சவேரியாரு ஆத்தித் தந்தாரு, ரெண்டு பேருக்கும் தோத்திரம், என்றான் அல்போன்ஸ் சிரித்துக்கொண்டே. பத்து நாளாம். அதற்கு முன்னால் போன ஐந்து மாசம் எந்தக் கணக்கில், குனிந்து குனிந்து இடுப்பு போனது யாருக்கு, அந்த நாற்றத்தோடு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் படுத்தது யாரு, எங்கள் புராட்டஸ்டண்ட் சபையில் இந்த வெள்ளிக் காலும் வெள்ளிக் கையும் கிடையாது, இருந்தால்தான் என்ன, கொச்சியில் ஒரு டாக்டர், இங்கே ஒரு புனிதர், நேசபாய்க்கு மிச்சம் இடுப்புவலி. நல்லா இருக்கு, என்றாள் வெள்ளியைப் பார்த்து.

குதிகால் அழகாக இருந்தது. அழகு என்றுதான் தோன்றியது அவளுக்கு, ரோஸ் நிறத்தில், நட்சத்திரம்போலச் சுருங்கி, விரலால் அழுத்தினால் கெட்டி, ஈரமில்லை, ஒரு நிமிசம் கண் கலங்கிவிட்டது, இதுதானா, ஆறினால் இப்படித்தான் இருக்குமா... அப்படியே பாதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள், திருப்பும்போது பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே, தரையில் ஊன்றுகிற மேட்டில் தோல் காய்த்திருந்தது, காய்ப்பின் நடுவில் மிளகு அளவுக்குக் கறுப்பு. தெரியாதா அவளுக்கு, மேலே காய்ப்பு, உள்ளே ரத்தக்கட்டு, இன்னும் கொஞ்சம் மிதித்தால் வெடித்து அடுத்த குழி. அழுக்காகவும் இருக்கலாம், கரையில் தார் கிடக்கிறது, தாராகவும் இருக்கலாம், துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், துடைக்கவில்லை. பையிலிருந்து அளவுத் தாளை எடுத்தாள், தேதி எழுதி, முதல் தடவையாகத் தன் பெயரையும் எழுதினாள், நே. நேசபாய், குதிகாலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், நிழல் விழுந்தது, கொஞ்சம் மேலே வைத்தாள், இன்னும் கொஞ்சம் மேலே, பெருவிரல் மேடு வரை, வியர்வையில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு எடுத்தாள் படத்தை, மூன்று படம், மூன்றும் தெளிவு.

சொல்லத்தான் இருந்தாள். படத்தை எடுத்துக்கொண்டு நிதானமாக, பதறவைக்காமல், அண்ணே இந்த இடத்த ஒரு தடவ காட்டிக்கிடுங்க என்று சொல்லத்தான் இருந்தாள், அதற்குள் சாயா வந்தது, சாயாவோடு நேந்திரங்காய் வற்றல் வந்தது, கிளாரா பேச்சை எடுத்தாள், நாளைக்குக் கோட்டாத்துல கொடியேத்து, இவரு விடியுமுன்ன வெளுப்பாங்காலம் எறங்கி நடக்காரு, இங்க இருந்து அங்க மட்டும் நடையாக்கும். செருப்பு போட்டுக்கிட்டுப் போங்கண்ணே என்று தானாக வந்தது நேசபாய் வாயில், ஐந்து மாசம் சொன்ன வார்த்தை, நாக்கு மறக்குமா. செருப்பு போட்டா நேர்ச்ச செல்லாது சிஸ்டரே, என்றான் அவன், மருந்துக்குக் காசு வாங்காதவருக்கு அதாவது செய்யாண்டாமா. அங்கேதான் அவளுக்குள் ஏதோ ஒன்று சப்பென்று மூடிக்கொண்டது. சரி, நடக்கட்டும், ஆற்றித் தந்தவர் பார்த்துக்கொள்ளட்டும். வெறுங்காலோடு நாலு மணி நேர நடை, தார் ரோடு, செத்த கால், மேட்டில் மிளகு... பஸ் வந்திட்டு சிஸ்டர், இத விட்டா அடுத்தது நாலரைக்கு என்று கிளாரா அவசரப்படுத்தினாள், காகிதத்தில் பொதிந்து நெய்மீன் துண்டம் கொடுத்தாள், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டு ஓடினாள் நேசபாய்.

வெள்ளிச்சந்தை வருவதற்குள் படத்தை ஏற்றிவிட்டாள். முதல் நாள், முட்டை போகிற குழி, கடைசி நாள், நட்சத்திரம், பக்கத்தில் அவள் பெயர், யாரும் வெட்ட முடியாது இதை. அதே பாதத்தில் வேறு புண்ணோ அடையாளமோ இல்லை என்கிற கட்டத்தில் ஒரு டிக், அனுப்பு, பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது, கிடைத்தது என்று. நாலு இருபது. கையோடு ஜின்சியும் அனுப்பினாள், பாத்துட்டேன் சிஸ்டர், படம் பிரமாதம், ஒப்புதல் கொடுத்தாச்சு, இனி நீங்க எங்க சங்கம். எங்க சங்கமாம், சிரிப்பு வந்தது, உடனே வற்றியது. சொல்லாமல் ஒன்றும் விடப்போவதில்லை, திங்கட்கிழமை சொல்லலாம், இன்று சொன்னால் நாளைக்கே ஓடி வருவார்கள், ஜின்சிதான் ஃபைலைத் திறப்பாள், தேதி போடுவாள், படம் எடுத்ததற்கு மறுநாள் தேதி... திங்கட்கிழமை என்றால் ஒரு மூன்று நாள், மூன்று நாளில் என்ன ஆகும். என்ன ஆகும் என்றா கேட்கிறாய், சர்க்கரைக்காரன் காலுக்கு மூணு நாளுங்கது மூணு மாசம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பது யார் கையெழுத்து? அழுக்காக இருக்கும், தாராக இருக்கும். டிக்கெட்டை வைக்கப் பையைத் திறந்தபோது அளவுத் தாள் கையில் வந்தது, சுருண்டிருந்தது, நிமிர்த்தித் திருப்பினாள். பின்பக்கம் அவள் கட்டைவிரல் அழுத்திய இடத்தில் சின்னதாக ஒரு கறை, நடுவில் சிவப்பு, சுற்றிலும் தண்ணீராகப் பரவின மஞ்சள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், இருபத்தாறு வருசப் பழக்கம், மோந்து பார்க்காமல் இருக்க முடியாது. தார் இல்லை. வரப்போகிற புண்ணும் இல்லை, வந்தாகிவிட்டது, அவள் அங்கே உட்கார்ந்து வற்றல் தின்னும்போதே வாய் திறந்துதான் இருந்தது.

போனை எடுத்தாள், நம்பர் மேலேயே கிடந்தது, கிளாரா முட்டம், அழுத்தினாள், மணி அடித்தது, எடு கிளாரா, எடு, நாளைக்கு அவரை ஒரு அடி நடக்க விடாதே, கதவைப் பூட்டிக்கொண்டாவது உட்காரவை, வெள்ளிக் காலை நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் அந்தச் சவேரியாரிடம்... நாலாவது மணி, அஞ்சாவது மணி, என்ன சொல்வது எப்படித் தொடங்குவது என்று உள்ளுக்குள்ளே அடுக்கிக்கொண்டே போனாள், பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தபோதுதான் அது சத்தமாகவே வாயில் வந்துகொண்டிருப்பது தெரிந்தது, கிளாரா, நான் பாக்கும்போ காலுல ஒண்ணுமே இல்ல, இருந்தாலும் ஒருக்கா நீயே பாத்துக்கிடு, நான் பாக்கும்போ ஒண்ணுமே இல்ல. அந்தப் பக்கம் போனை எடுத்துவிட்டார்கள். சிஸ்டரே, பஸ்ஸுல எடம் கெடச்சா, என்றான் அல்போன்ஸ்.