பூட்டு மட்டும் தெளிவாகத் தெரிந்த படம்

1

இந்தக் கதைக்குக் காரணம் என் வலது கை. 1999இல், கிழக்கேகோட்டையில், ஒரு திரைப்படச் சங்கத்தின் தேர்வுக் கூட்டத்தில் அதைத் தூக்கினேன். இன்னும் இறக்கின மாதிரி இல்லை.

2

இதற்கு நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: 'சாலைக் கடைவீதியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு...' (மழையே பெய்யவில்லை. சினிமா என்று எழுதினாலே எனக்கு மழை வந்துவிடுகிறது.)

அடுத்தது: 'கோலப்பன் ஒரு மேதை.' (இல்லை. சாலைக் கடைவீதியில் பூட்டும் கதவுக் கீலும் விற்றவர். பிடிவாதமாக ஒரு படம் எடுத்தார்.)

3

படத்தில் கோலப்பனின் மைத்துனர் அடிக்கடி கேமராவைப் பார்த்து முழிப்பார். இசை, கேட்பவர் காதுக்குள் செண்டை அடிக்கும். ஆனால் நடுவில் ஒரு முழுச் சுருள், பதினோரு நிமிடம், வெட்டே இல்லை. மூட்டையிலிருந்து சிந்திய அரிசியைத் தெருவில் கூட்டி அள்ளிப் பிழைக்கும் தங்கபாய், கிடங்கு வாசலில் நின்று பேசுகிறார். யாரும் அள்ளக்கூடாது என்று சிந்திய அரிசியில் பினாயில் ஊற்றும் கடைகள் எவை எவை என்று பெயர் பெயராகச் சொல்கிறார். இந்த ஊரில் வேறு எந்தக் கேமராவுக்கு அந்தத் துணிச்சல் இருந்தது?

ஒரே கோளாறு. கோலப்பன் தூரத்தை அளந்தது கடை நாடாவால்; அது மீட்டர். லென்சில் இருந்தது அடிக்கணக்கு. நாடா மூன்று காட்டியது, லென்சையும் மூன்றில் வைத்துவிட்டார். தங்கபாயின் முகம் கரைந்த கஞ்சி. அவருக்கு முன்னால், கேமராவுக்குப் பக்கத்தில் திறந்திருந்த கதவில் தொங்கிய பூட்டு மட்டும் கீறல் கீறலாகத் துல்லியம். இருபது வருடம் பூட்டு விற்ற கண்ணல்லவா.

4

சங்கச் செயலாளர் சாம்பசிவன் சொன்னார்: "படம் நன்னாத்தான் இருக்கு, கோலப்பன். அந்தப் பதினோரு நிமிஷத்தை மட்டும் எடுத்துடுங்கோ, சனிக்கிழமை போட்டுடலாம். மூஞ்சியே தெரியலையே."

கோலப்பனுக்குக் காது மடல் சுட்டது. "அளந்தது நானாக்கும், சாரே. எனக்க தப்புக்கு அவளுக்க வாய எதுக்கு அடைக்கணும்?"

சாம்பசிவன் ஓட்டுக்கு விட்டார். (அடிக்குறிப்பாக வரவேண்டியது: சங்கத்தின் வெள்ளைத்திரை, தங்கபாய் பெயர் சொன்ன கடைக்காரர் ஒருவரின் அன்பளிப்பு. மங்கல் எங்களுக்கு வாய்த்த வசதி.)

வெட்டச் சொல்லி இரண்டு கை. வேண்டாமென்று இரண்டு பேர். தேர்வுக் குழுவில் ஐந்தாவது ஆள் நான். என் கை பாதிதான் உயர்ந்தது, அதற்குள் செயலாளர்... பொய். அக்குள் தெரியத் தூக்கினேன்.

5

கோலப்பன் திரும்பியபோது கடை வாசலில் தங்கபாய் காத்திருந்தார்.

"அண்ணாச்சி, சனியாழ்ச்ச எத்தன மணிக்கு?"

"வெட்டணுமாம். ஒனக்க மொகம் தெரியலியாம்."

"இந்தத் தெருவுல எவன் எனக்க மொகத்தப் பாத்தான்? சொன்னது கேக்குதுல்லா?"

"நல்லாக் கேக்குது."

"பின்ன என்னத்துக்கு வெட்டுகாவ?"

6

ஒரு முடிவு: வெட்டுகிறார். கைதட்டல். மூன்றாம் வரிசையில் தங்கபாய், தான் திரையில் வருவதற்காகக் கடைசிவரை காத்திருக்கிறார்.

இன்னொன்று: வெட்டவில்லை. படப்பெட்டி பூட்டுகளுக்கு நடுவில் துருப்பிடிக்கிறது.

இரண்டையும் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆகவே இந்தப் பிரதியில் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டேன். "வெட்டலாம்கறவா கை தூக்குங்கோ" என்கிறார் சாம்பசிவன். இரண்டு கைகள் மேலே. ஐந்தாவது நாற்காலி காலி. அதில் நீங்கள் உட்காருங்கள். அங்கிருந்து பார்த்தால் கிடங்கு வாசலில் நிற்கும் தங்கபாயின் முகம் தெளிவாகத் தெரியும்.