கையெழுத்துப் போடாத ஆள்

குளோரியா நீட்டிய தாளில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை.

மர்பி டவுனில் கிளெமென்ட் வீட்டு முன்னறையில் நடந்தது. கிளெமென்ட், கில்பர்ட், டென்சில், நான், நாலு பேரும் கோலாரில் தங்கச் சுரங்கம் மூடின பிறகு சந்தாபுரா பக்கம் ஒரு கல் அறுக்கும் பட்டறையில் வருஷக்கணக்கில் தூசி தின்றவர்கள். குளோரியா கிளெமென்டின் மகள். காலேஜில் மேல்படிப்பு. என்ன படிப்பு என்று கேட்டால் ஹெல்த் எத்திக்ஸ் என்பாள். வைத்தியத்தில் எது நியாயம், அது யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை, நோயாளிக்கு என்ன உரிமை, இதற்கெல்லாம் பரீட்சையாம். நியாயத்துக்கு மார்க் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

அவள் ஆராய்ச்சி எங்கள் நெஞ்சைப் பற்றியது. கல் தூசியில் வேலை செய்த அறுபது பேருக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதற்குக் காலேஜில் ஒரு கமிட்டி அனுமதி தர வேண்டும். கூட்டம் வெள்ளிக்கிழமை. அன்றைக்குக் கிடைக்காவிட்டால் கூடப் படிக்கிறவர்கள் முடித்துப் போய்விடுவார்கள், இவள் இன்னொரு வருஷம் உட்கார வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் சம்மதத் தாளை எங்களைப் போன்ற ஆட்களிடம் காட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

அவள் முதல் பக்கம்கூடப் படித்து முடிக்கவில்லை. கிளெமென்ட் பேனாவை எடுத்துவிட்டான்.

"இன்னும் இருக்கு டாடி."

"நீ விரலை வை, நான் போடுறேன். வேன்காரன் இன்னா படிச்சா காட்டினான்?"

பட்டறைக்கு வருஷத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே வேன் வரும். விரல் காட்டின இடத்தில் கையெழுத்து, சட்டையைக் கழற்று, மூச்சைப் பிடி, அடுத்த ஆள். அந்தப் பழக்கம் இவர்கள் கையை விட்டுப் போகவில்லை. கில்பர்ட்டும் டென்சிலும் அதே மாதிரிப் போட்டார்கள்.

"எடுத்த படம் யார் கையிலே இருக்கும்?" என்று கேட்டேன்.

"காலேஜ்ல பத்திரமா இருக்கும் அங்கிள். பேர்கூட இருக்காது, நம்பர்தான்."

"எனக்குக் காட்டுவியா?"

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அது இதுல இல்லை."

"அப்ப நானும் இல்லை."

டென்சில் சிரித்தான். "இவன் பொண்டாட்டி ஊத்துற டீயையே மோந்து பார்த்துட்டுக் குடிக்கிறவன். இவனை விடு பாப்பா."

புதன்கிழமை சாயங்காலம் குளோரியா மூச்சு வாங்க வந்து நின்றாள். தோளில் பை அப்படியே இருந்தது.

"அங்கிள், என் ஆராய்ச்சிக்கு கைடு ஹெலன் மேடம், உங்களைக் கமிட்டி கூட்டத்துக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"எதுக்கு? அங்க உக்கார வச்சு கையெழுத்து வாங்கவா?"

"இல்லை அங்கிள். மூணு பேர் ஒரு நிமிஷத்துல போட்டுட்டாங்கன்னு பெருமையா சொன்னேன். அவங்க முகமே மாறிடுச்சு. அப்ப யாருமே புரிஞ்சு போடலை, போடாத ஆள் யாராவது உண்டான்னு கேட்டாங்க."

"என்னை மாட்டி விட்டுட்டே."

"மாட்டிக்கிட்டது நான். நீங்க வரலைன்னா வெள்ளிக்கிழமை நான் எதைச் சொல்றது?"

வேண்டும் என்று சொன்னவனைத்தான் இதுவரை எல்லோரும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏன் வேண்டாம் என்று என்னை யாரும் கேட்டதில்லை. சந்தேகம் போகவில்லை, ஆனாலும் போனேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் சீட் கிடைத்தும் என்னால் உட்கார முடியவில்லை.

காலேஜ் கமிட்டி அறையில் பெரிய மேசை. ஏழெட்டுப் பேர். நடுவில் வயதான வக்கீல் ஒருவர், அவர்தான் தலைவர். "ஹேளி, யஜமான்ரே" என்று கன்னடத்தில் சொல்லச் சொன்னார். பாதி கன்னடம், பாதி தமிழ் என்று சொன்னேன்.

எனக்குப் பக்கத்து மெஷினில் நாராயணசாமி என்று ஒருத்தன். இருமுவான். பீடிதான் காரணம் என்று திட்டுவோம். பீடியை விட்டான், இருமல் அவனை விடவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது டாக்டர் பழைய எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்டார். ஒன்றுகூட அவன் கையில் இல்லை. எல்லாம் பட்டறை ஆபீஸில்.

"ஒம்போது தடவை மூச்சைப் பிடிச்சான் சார். அவன் நெஞ்சை எல்லாரும் பார்த்தாங்க, அவனைத் தவிர. இந்தப் பொண்ணு தாளும் அந்த வேன் மாதிரிதான் இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அவள் அனுமதி கேட்டு வந்த இடத்தில் அவள் தாளையே நான் குப்பை என்கிறேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு குளோரியாவைப் பார்த்தார். பெண்ணை ஒரு வருஷம் உட்கார வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவள் எழுந்தாள். "இவர் சொல்றது சரி. அந்தத் தாள் தப்பு. மூணு கையெழுத்தையும் நேத்தே கிழிச்சுட்டேன்."

பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தாள். நெஞ்சு டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. சனிக்கிழமைதோறும் மர்பி டவுனுக்கு வந்து ஒவ்வொரு ஆளின் படத்தையும் அவன் கையிலேயே கொடுத்து, என்ன இருக்கிறது என்று விளக்குவார். கோளாறு இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் அவர் பொறுப்பு. புதுத் தாளில் அதுதான் முதல் வரி. வியாழக்கிழமை முழுக்க அந்த டாக்டர் வாசலில் நின்று வாங்கியிருக்கிறாள். என்னிடம் மூச்சு விடவில்லை.

அவர்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். ஒருத்தர் ஏதோ இழுத்தார். ஹெலன் மேடம் அவருக்குப் பதில் சொன்னார். கடைசியில் தலைவர் என்னைப் பார்த்து, அனுமதி கொடுத்தாயிற்று, படம் அவரவர் கைக்குப் போக வேண்டும், போகாவிட்டால் ஆராய்ச்சி அன்றைக்கே நிற்கும் என்றார்.

"எழுத்துல குடுங்க சார்" என்றேன். "வாயால சொல்றது வாசல் வரைக்கும்தான்."

சிரித்தார்கள். ஆனால் எழுதினார். கீழே கையெழுத்தும் போட்டார். குளோரியாவை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் வராந்தாவில் ஓடினாள். சின்னப் பிள்ளை மாதிரி அந்தக் கடைசி வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பி வந்தாள். எனக்கும் கால் தரையில் பாவவில்லை.

"லெட்டர் வாங்கினதை எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா எல்லாம் சரியாயிடுச்சுன்னு அங்க சும்மா உக்கார்ந்திருப்பீங்க."

"நானா?"

"சரி, நீங்க உக்கார மாட்டீங்க. எனக்குத்தான் பயம்."

பஸ் ஸ்டாப்பில் நின்று கிளெமென்டுக்குப் போன் போட்டாள். நான் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"டாடி, பர்மிஷன் கிடைச்சிருச்சு. உங்க கையெழுத்து செல்லாது, கிழிச்சுட்டேன்."

"ஏண்டி, நல்லாத்தானே போட்டேன்?"

"புதுத் தாள் வரும். முழுசாக் கேட்டுட்டு, இஷ்டம்னா போடுங்க. இல்லைன்னா வேணாம்னு சொல்லலாம்."

கிளெமென்ட் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"படத்துல ஏதாவது இருந்தா, முதல்ல எனக்குத்தானே சொல்லுவாங்க? உங்கம்மாவுக்கு இல்லையே?"

"உங்களுக்குத்தான் டாடி. வேற என்ன கேக்கணும்? கேளுங்க."

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். மூன்று பஸ் வந்து போனது. நாங்கள் ஏறவில்லை.