சித்தப்பா வைத்த கூர்

அப்பாவிடம் பதினான்கு கத்திகள் இருந்தன. பதின்மூன்றை அவர் பயன்படுத்தினார். ஒன்றை மட்டும் வெட்டுவதற்கு எடுத்ததே இல்லை.

அப்பா பேச்சிமுத்துவுக்குப் பழவங்காடி பக்கம் ஒரு ஹோட்டலில் காய் வெட்டும் வேலை. காலையில் போனதும் இரண்டு சாக்கு வெங்காயம் அவருக்காகக் காத்திருக்கும். ஹோட்டல் கத்திகள் வேறு. இந்தப் பதினான்கும் ஆசைப்பட்டுச் சேர்த்தவை. சாலைத் தெருவில் பழைய இரும்புக் கடையில் பொறுக்கியவை ஐந்தாறு. விழிஞ்ஞத்தில் மீன் வெட்டும் ஒருவரிடம் கெஞ்சி வாங்கியது ஒன்று. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் சேக்காளி கொடுத்த கவ்வாத்துக் கத்தி ஒன்று. தேயிலைச் செடியின் கொப்புகளை வெட்டிக் குறைக்க மலையில் அதைத்தான் வைத்திருப்பார்கள். எங்கள் வாடகை வீட்டில் தேயிலை ஏது? கொண்டுவந்த அன்றைக்கே வீட்டுக்காரரின் முருங்கையில் ஒரு கொப்பை அதனால் வெட்டி, வீட்டுக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"வெட்டாத கத்தி நம்ம கத்தி இல்ல மக்கா. அது கடைக்காரன் கத்தி" என்பார் என்னிடம். ஞாயிறுதோறும் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, வீட்டுக் குழம்புக்கு அவரே காய் வெட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீகண்டன் சாரும் வருவார். மலையாளி, கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இரண்டு சந்து தள்ளி வீடு. அவரிடம் முப்பத்தெட்டு கத்திகள் உண்டு. எல்லாம் கண்ணாடி அலமாரியில், மருந்து டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு இருக்கும். கையுறை போடாமல் தொட மாட்டார். இருவருக்கும் எப்போதும் ஒரே வழக்குதான்.

"அங்ஙன வெட்டல்லே பேச்சிமுத்து. செய்தவன் வச்ச கூர் ஒரு தடவ போனா போயி. பின்ன நீ எத்தர தீட்டினாலும் அது நின்டெ கூராணு. கத்தின்ற கூரில்ல."

"கத்திக்கு ஏது சார் சொந்தக் கூரு? வெட்டத்தான செஞ்சு தந்திருக்கான்."

"நீ வெட்டுகாரன். நான் சேகரிக்குந்நவன். ரெண்டும் ரெண்டாணு."

அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள். "முப்பத்தெட்டு கத்தி கெடக்க வீட்டுல உள்ளி அரிய ஒரு கத்தி இல்ல. போன வாரமும் உங்க வீட்டம்மா கத்திய தீட்டக் குடுத்து விட்டாவ சார்."

"அது வேற டிப்பார்ட்மென்ட் வடிவம்மா" என்று சார் சிரிப்பார்.

ஒருநாள் சார் பெட்டியின் அடியில் எண்ணெய்த் தாள் சுற்றிக் கிடந்த பதினான்காவது கத்தியைக் காட்டிக் கேட்டார். "பின்ன இதோ? இதுகொண்டு நீ வெட்டிக் கண்டிட்டில்லல்லோ."

அப்பா பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார். "அது தம்பி வச்ச கூரு சார்."

போகும்போது சார், "அப்ப நீயும் நம்முட ஆளுதன்னே" என்றார்.

வன்னியராஜ் சித்தப்பா கப்பலில் சமையல்காரர். கடைசியாக விடுமுறையில் வந்தபோது ஏதோ துறைமுகத்தில் வாங்கிய இந்தக் கத்தியைக் கொண்டுவந்தார். எவர்சில்வர் அல்ல, பச்சை இரும்பு. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். கப்பலுக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் குழாயடியில் உட்கார்ந்து, மத்தியானம் முழுக்க அதைத் தீட்டினார். "அண்ணே, இதுல வெட்டிப் பாரு. ஒனக்குக் கையே இல்லாத மாதிரி இருக்கும்" என்று கொடுத்தார். அப்பா ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தார். அடுத்த ஞாயிறு ஹோட்டலில் கல்யாண ஆர்டர். அதற்கடுத்த ஞாயிறு அப்பாவுக்குக் காய்ச்சல். மூன்றாவது வாரம் தகவல் வந்தது. கடலில் நெஞ்சு வலித்ததாம். எந்த நாட்டிலோ இறக்கி அங்கேயே எரித்துவிட்டார்கள். எங்களுக்கு ஒரு தோள்பை மட்டும் வந்தது.

அதற்குப் பிறகு நான்கு வருடம் இப்படித்தான். மாதம் ஒருமுறை அப்பா தாளைப் பிரித்துப் பார்த்து, எண்ணெய் தடவி, திரும்பச் சுற்றி வைப்பார். ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு மின்னும். அதன்மேல் விரல் படாமல் பிடிப்பார்.

போன வருடம் நவராத்திரியில் அந்தக் கத்தியை நான் பூஜைக்கு வைத்துவிட்டேன்.

அதற்கு முந்தின வருடம்வரை பூஜைவைப்பு அன்று என் பாடப்புத்தகங்களைத்தான் வைப்போம். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குச் சத்தமே வராது. ஒருநாள் போகவில்லை, பிறகு போகவே இல்லை. எனவே வைக்க என்னிடம் ஒன்றுமில்லை. அம்மா அரிவாள்மணையையும் தேங்காய்த் துருவியையும் கழுவி வைத்தாள். சரஸ்வதி படத்துக்கு முன்னால் பட்டுத்துணி வெறிச்சென்று இருந்தது.

"ஏட்டி சிஜி, அப்பாக்கக் கத்தியெல்லாம் எடுத்து வையேன்" என்று சொல்லிவிட்டு அம்மா பூ வாங்கப் போனாள்.

நான் எல்லாவற்றையும் எடுத்தேன். ஒன்றை மட்டும் பெட்டியில் விட்டுவிட்டால் அதை ஒதுக்கியது போல ஆகும் என்று நினைத்தேன். தாளைப் பிரித்தேன். சாமிக்கு முன்னால் பிசுக்கோடு இருக்கக்கூடாது என்று எண்ணெயைத் துடைத்தேன். சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொரு கத்திக்கும் பொட்டு வைத்தேன். சித்தப்பா கத்திக்குப் பெரிய பொட்டு. சந்தனத்தில் தண்ணீர் கூடிவிட்டது போலும், பொட்டிலிருந்து ஒரு துளி ஒழுகி ஓரம்வரை போய் நின்றது. பார்க்க அழகாக இருந்தது. அம்மா வந்து விளக்கேற்றிக் கும்பிட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் அப்பா பொரிப் பொட்டலத்தோடு வந்தார். படத்துக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டவர், கையை இறக்காமல் அப்படியே நின்றார்.

"இத எவ எடுத்தா?"

நான் அம்மாவின் பின்னால் போனேன். அம்மாதான், "பிள்ளைக்குத் தெரியல்ல" என்றாள்.

"எண்ணெயத் தொடச்சிருக்கா. ஈரச் சந்தனம், வடிவு! விடிஞ்சா துரு ஏறிரும்."

அப்பா குனிந்து கையை நீட்டினார். அம்மா குறுக்கே வந்து நின்றுவிட்டாள். "பூஜைக்கு வச்சத எடுக்கப்பிடாது. தசமி காலம்பற வரை தொடப்பிடாது."

"ஒரு துணி வச்சு ஒத்தி எடுத்துக்கிடுதேன்."

"தொட்டா தொட்டதுதான். பத்து வெரலயும் வச்சுச் சம்பாரிக்கீங்க. அதுல ஒண்ணு போனா ஆரு தருவா?"

காய் வெட்டும் யாரும் இந்தப் பேச்சுக்கு மறுபேச்சு பேச மாட்டார்கள். அவர்கள் ஹோட்டலிலேயே சுண்டுவிரல் நுனி இல்லாத ஒருவர் உண்டு. எந்த வருடம், எந்த நாளில், என்ன செய்து அது போனது என்று எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

கேலண்டர்படி அந்த வருடம் பூஜையிலிருந்து எடுக்க ஒருநாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். மழை வேறு. சுவரெல்லாம் வியர்த்தது. அப்பா வேலைக்குப் போனார், வந்தார், படத்துக்கு எதிரே பாயில் உட்கார்ந்தார். இரண்டாம் நாள் மஞ்சள் சந்தனத்தைச் சுற்றி ஒரு தவிட்டு நிற வளையம் தெரிந்தது. கதவோரம் நின்ற நானும் அதைப் பார்த்தேன். 'தெரியாமச் செஞ்சிட்டேன் அப்பா' என்று சொல்ல மூன்று முறை பக்கத்தில் போனேன். மூன்று முறையும் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

செய்தி கேட்டு ஸ்ரீகண்டன் சார் குடையோடு ஓடிவந்தார். செருப்பைக் கழற்றவே மறந்துவிட்டார்.

"எடுக்கு பேச்சிமுத்து! மணிக்கூருக்கு மணிக்கூர் தின்னும் அந்தத் துரு. ஈஸ்வரன் ஒந்நும் பறையில்ல."

"ஈஸ்வரன் பறையாது. இவ பறைவா" என்றார் அப்பா. அது சிரிக்கச் சொன்னதல்ல. யாரும் சிரிக்கவில்லை.

தசமியன்று காலையில் அம்மா விளக்கேற்றினாள். நான் தட்டில் அரிசி பரப்பி, விரலால் ஹரிஸ்ரீ எழுதினேன். அம்மா அரிவாள்மணையை எடுத்து ஒரு வாழைக்காயை நறுக்கினாள். பூஜையிலிருந்து எடுத்ததைக் கொண்டு அப்போதே ஒரு வேலை செய்ய வேண்டும்; செய்யாமல் உள்ளே வைத்தால் அது பிறகு கைக்கு வழங்காது என்பார்கள். அப்பா பதின்மூன்று கத்திகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, கத்திக்கொரு வெண்டைக்காய் வெட்டினார். கடைசியில் அந்தக் கத்தியை எடுத்து, காய்ந்த சந்தனத்தைத் துணியால் துடைத்தார்.

தகட்டில் ஒரு ரூபாய் அளவுக்குத் துரு. அதிலிருந்து ஒரு கோடு ஓரத்துக்கு இறங்கியிருந்தது. அந்த இடத்தில் ஒரு கடுகு அகலத்துக்கு வெள்ளைக் கோடு இல்லை. மற்றபடி அப்படியே இருந்தது.

சாரும் வந்திருந்தார். கையுறையோடு, சிறிய எண்ணெய்க் குப்பியோடு. "தகட்டிலெ துரு நான் எடுத்துத் தராம். கூரத் தொடில்ல. என்டெ அலமாரியில வைக்கலாம். நின்டெதுதன்னே, எப்ப வேணுமெங்கிலும் வந்து கண்டோ."

"வேலை செய்யாம வைக்கப்பிடாது சார்" என்றாள் அம்மா.

"அப்ப ஒரு பேப்பர் வெட்டட்டும். அதும் வேலையல்லே?"

அப்பா இருவரையும் பார்க்கவில்லை. கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்துப் பலகையில் வைத்தார். நன்கு பழுத்தது, தொட்டால் அமுங்குவது. மழுங்கின கத்தி தக்காளித் தோலில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். கத்தியை அதன்மேல் வைத்தார். அழுத்தவில்லை. சும்மா இழுத்தார். தக்காளி நின்ற இடத்திலேயே இரண்டாகப் பிரிந்து, ஒரு நொடி கழித்துத்தான் சாய்ந்தது. சாறு கசியவே இல்லை.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு தக்காளி. பிறகு இன்னொன்று. துருப்பட்ட இடம் வரும்போது மட்டும் தோல் லேசாகச் சிக்கி இழுத்தது. கூடையில் இருந்த பதினொன்றையும் வெட்டினார்.

"ரசத்துக்கு ரெண்டு போதுமே" என்று அம்மா முணுமுணுத்தாள். அதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது.

"கையே இல்லாத மாதிரிதான் இருக்கு" என்றார் அப்பா.

எண்ணெய்க் குப்பியை நீட்டிய சாரிடம், "வேண்டாம் சார். நாளைக்கு இத ஹோட்டலுக்குக் கொண்டுபோறேன்" என்றார்.

"உனக்குப் பிராந்தா? ஒரு மாசம் வெட்டினா அவன்ற கூர் தீரும். நீ அவனக் கரைக்கும்."

"கரைக்கத்தான சார் வேணும். திருவல்லத்து ஆத்துல கரைக்க எனக்கு அஸ்திகூட வரல்லியே."

சார் கையுறைகளைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். அன்று அவர் சாப்பிடாமல் போனார். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு வரவும் இல்லை.

அப்பா தகட்டுத் துருவை மட்டும் எலுமிச்சைத் தோலும் சாம்பலும் வைத்துத் தேய்த்து எடுத்தார். ஓரத்தில் கல்லைத் தொடவிடவில்லை. மறுநாள் முதல் ஹோட்டலில் அந்தக் கத்திதான். எலும்பு, தேங்காய் பக்கமே கொண்டுபோக மாட்டார். பூசணித் தோலுக்கு வேறு கத்தி. வெங்காயம், தக்காளி, பீன்ஸ் எல்லாம் இதில். இரண்டு சாக்கு வெட்டி முடித்ததும் துடைத்து, எண்ணெய் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவருவார்.

அங்கே கேலி இல்லாமல் இல்லை. கூட வேலை பார்க்கும் சுஜித், "அண்ணாச்சி, கத்திய வச்சு வெட்டுதியளா, கொஞ்சுதியளா?" என்று கேட்டானாம். அடுக்களை மேஸ்திரி ராஜையன், "கொண்டா வேய், மெசின்ல ரெண்டு இழுப்பு இழுத்துத் தாறேன்" என்று கையை நீட்டியிருக்கிறார். அப்பா கத்தியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாராம். "சின்னப் பிள்ளை மிட்டாய ஒளிக்க மாதிரி" என்று அவரே சொன்னார். நான்கு வருடத்தில் சித்தப்பா பேச்சை எடுக்காதவர் அந்த நாட்களில் தினமும் ஏதாவது சொன்னார். சித்தப்பா உள்ளி வெட்டும்போது விசிலடிப்பார். உப்பு போட மறந்துவிட்டு, மற்றவர்கள் நாக்கில் கோளாறு என்பார்.

மாலையில் வந்ததும் அம்மா கேட்பாள். "கூரு இருக்கா?"

"இருக்கு."

ஒருநாள் காலை அப்பா கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே என்னிடம், "நாலு வருசமா அத நான் ஒருத்தரையும் தொட விடல்ல, கேட்டியா" என்றார். திட்டா, வேறேதாவதா என்று எனக்குப் புரியவில்லை. "மன்னிச்சிருங்கப்பா" என்றேன். இத்தனை நாள் வராத வார்த்தை அப்போது சாதாரணமாக வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பத்தாவது நாள் வாக்கில், "இருக்கு, ஆனா நுனியில இல்ல" என்றார். பதினைந்தாவது நாள், "நடுவுல கொஞ்சம் இருக்கு" என்றார். அம்மா அன்று தேவையில்லாமல் பாயசம் வைத்தாள். சித்தப்பாவுக்குப் பிடித்த பயறுப் பாயசம். எல்லோரும் குடித்தோம்.

இருபத்திரண்டாவது நாள் அப்பா சீக்கிரமே வந்துவிட்டார். வெயில் இன்னும் சுவரில் இருந்தது. அம்மா கேட்கும் முன்பே அவரே சொன்னார்.

"இன்னைக்குத் தக்காளி நசுங்கிட்டு."

சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். நான்கு வருடம் முன்பு தகவல் வந்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. இப்போது குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துண்டை வாயில் பொத்திக்கொண்டு, முதுகு குலுங்கக் குலுங்க அழுதார். அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பிரேமா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெகுநேரம் கழித்து முகத்தைக் கழுவினார். தீட்டுகல்லைத் தண்ணீரில் போட்டார். குமிழிகள் வந்து நின்றன. கல்லை எடுத்து ஈரச் சாக்கின்மேல் வைத்து, கத்தியைக் கையில் எடுத்தார். வைக்கப் போனவர் நிமிர்ந்தார்.

"வடிவு, அவன் எந்தப் பக்கத்த முதல்ல வச்சுத் தீட்டுவான்?"

"நான் உள்ள நின்னேன். பாக்கல்லியே" என்றாள் அம்மா.

என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது.

அப்பா கத்தியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு, தனக்கு வழக்கமான வலது பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து, மெதுவாகத் தள்ளினார்.