கேட்டுச் சொல்பவள்

என் அப்பா செத்தவர்களோடு பேசுகிறவர். உயிரோடிருப்பவர்களோடு அவ்வளவு பழக்கமில்லை. அப்பா என்ன செய்கிறார் என்று கல்லூரியில் கேட்டால், தகவல் தொடர்பு என்பேன்.

தொழிலுக்கு வேண்டியது மொட்டைமாடியில் பழைய பெயிண்ட் வாளிகளில் வளர்ந்தது. ஊமத்தை. குழல் போல வெள்ளைப் பூ, முள் காய், வேர் வரைக்கும் விஷம். சாற்றைக் குடித்ததும் அப்பாவின் கண்மணி விரியும், நாக்கு வறளும், எதிரே இருக்கிற காலி நாற்காலியோடு பேச ஆரம்பிப்பார். தெளிந்தபின் ஒன்றும் நினைவிருக்காது. அந்தச் செடியின் குணம் அப்படி. அதனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, வந்தவர்களிடம் சொல்வாள்: "கோபமெல்லாம் இல்லையாம். நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாரு." அழுதபடி வந்தவர்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

போன மாதம் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. "நீங்க போங்க, அங்கயே யாராவது கேட்டுக்குவாங்க" என்று அப்பாவை ஒரு வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அப்பா யாருடைய மாமனாரோடோ பேசி முடித்து, தெளிந்து வருவதற்குள் இங்கே எல்லாம் முடிந்திருந்தது.

நேற்று அவர் டம்ளரோடு வந்தார். "டேய், இன்னிக்கு நீ உக்காந்து கேளு. என்மேல கோபமான்னு அவகிட்டக் கேக்கணும்."

"வழக்கமா பாதி டம்ளர்தானேப்பா?"

"புதுசா போனவ. கூட்டத்துல தேடணும்ல."

குடித்தார். கொஞ்ச நேரத்தில் நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார். "குடையை எங்க வச்ச?" என்றார். பிறகு, "சரி சரி, குழாயை நாளைக்குப் பாக்குறேன்." கேட்க வேண்டியதைக் கேட்கவே இல்லை. நாற்காலியும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷமும் அம்மாவின் காதில் விழுந்தது அப்பா பேசும் இந்த ஒரு பக்கம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்பாவின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதைப் பார்த்துப் பயந்து கீழ்வீட்டு டாக்டரை அழைத்து வந்தேன். இரவெல்லாம் கூடவே இருந்தார். "இன்னொரு தடவை குடிச்சாருன்னா, நேர்லயே போய்ப் பேசிக்கலாம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் அப்பா கண் விழித்தார். "என்ன சொன்னா?"

குடை என்று சொன்னால் ஊமத்தை பறிக்க மறுபடி மாடிக்குப் போவார்.

"கோபமெல்லாம் இல்லையாம்ப்பா. நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாங்க. இதைக் குடிச்சிட்டு வந்தா இனி பேச மாட்டாங்களாம்."

அப்பா என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கண்மணி இன்னும் சுருங்கவில்லை. என் முகம் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும்.

"இதத்தான் அவ எல்லாருக்கும் சொல்லுவா."

நான் அந்தக் காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"உனக்கு நெசமா என்னடா கேட்டுச்சு?"

"நீ பேசினது மட்டுந்தான்ப்பா."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு, "சாப்பிட ஏதாச்சும் இருக்கா?" என்றார். அவர் கை தட்டைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. நானே ஊட்டினேன். மறுக்காமல் வாயைத் திறந்தார்.

அழைப்புமணி அடித்தது. வாசலில் ஓர் அம்மாள், மார்போடு அணைத்த புகைப்படத்தோடு நின்றார்.

"யாருடா?"

"உன்னப் பாக்கத்தான்ப்பா."

அப்பா அந்தக் காலி நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

"கேட்டுச் சொல்றவ போயிட்டான்னு சொல்லு."