‘பிடி’ என்ற பிறகு

1

“பிடி.”

காரின் பின்சக்கரத்தருகே மல்லாந்து கிடந்தவள் உரக்கச் சொல்லிவிட்டு, ஸ்பேனரை நட்டில் மாட்டினாள். மேலே டிரைவர் சீட்டில் ஒரு கால் பிரேக்கை மிதித்து அழுத்தியது. குரல் வரவில்லை. அவள் கை அசையவில்லை.

[இங்கே ‘அவளுடைய இதயம்’ என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். தொடர்கதை எழுதிப் பழகிய கைக்கு இதயத்தை விட்டால் வேறு உறுப்பே தெரியாது. இந்தக் கதையில் வேலை செய்வது கையும் காலும்தான்.]

தேர்வாளர் அட்டையும் பேனாவுமாகக் குனிந்து பார்த்தார்.

“ஏம்மா, தூங்கிட்டியா?”

“இல்ல சார்.”

“அப்ப நட்டு ஏன் இன்னும் திறக்கல?”

திறக்கவில்லை.

2

கதை கிடைத்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு ஒர்க்‌ஷாப்பின் காத்திருப்பு நாற்காலி. என் காரில் பிரேக்கை மிதித்தால் மெத்தையை மிதித்த மாதிரி இருந்தது. “காத்து புகுந்திருக்கு சார், எடுத்துட்டா சரியாயிடும்,” என்றவள், பேச்சுவாக்கில் தன் தேர்வைப் பற்றியும் சொன்னாள். [அப்போது அவள் என் காருக்கு அடியில் இருந்தாளா, தண்ணீர்க் குழாயோடு பக்கத்தில் நின்றாளா என்று கேட்காதீர்கள். சொன்னால் முடிவு தெரிந்துவிடும்.]

ஒர்க்‌ஷாப்பில் புது விதி வந்திருந்தது. சான்றிதழ் இல்லாதவர் பிரேக்கில் கை வைக்கக் கூடாது. செய்முறைத் தேர்வில் தேறினால் பழைய இடம். இல்லாவிட்டால் கார் கழுவும் பகுதி. அங்கே கார்கள் பளபளக்கும், அவள் துருப்பிடிப்பாள்.

[பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும் வரி. இருக்கட்டும்.]

3

பிரேக்கிலிருந்து காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து மிதிப்பார். இன்னொருவர் அடியில் படுத்துக்கொண்டு, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன நட்டைத் திறந்து மூடுவார். நட்டு திறந்திருக்கும்போது மேலே இருப்பவர் காலை எடுத்தால் போச்சு. வெளியே போன காற்று, மறந்த குடையை எடுக்க வந்த விருந்தாளி மாதிரி திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. அதனால் குரல்தான் கண். கீழே இருப்பவர் ‘பிடி’ என்பார். ‘பிடிச்சாச்சு’ என்று மேலேயிருந்து பதில் வந்த பிறகுதான் நட்டு திறக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் அவளுக்கு மேலே உட்கார்ந்து மிதித்தவர் எப்போதும் அவள் வீட்டுக்காரர்தான். வீட்டில் அவரை ‘என்னங்க’ என்பாள். காருக்கு அடியில் மரியாதைக்கெல்லாம் நேரமில்லை.

“பிடி.”

“பிடிச்சாச்சு தாயே. சீக்கிரம் திற, கால் மரத்துப்போச்சு.”

“கால்தான மரத்துச்சு. வாய் மரக்கலையே.”

“அதுவும் மரத்துட்டா நீ யாரோட சண்டை போடுவ?”

பக்கத்துக் காருக்கு அடியில் கிடப்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், முகத்தில் பிரேக் ஆயில் சொட்டச் சொட்ட.

தேர்வுக்கூடத்துச் சிமெண்ட் தரையில் கிடந்து அவள் ஏங்கியது அந்தக் குரலுக்குத்தான். ‘திருப்பு’ என்று மனசு சொன்னது. கை கேட்கவில்லை. அது அவர் பேச்சைக் கேட்டே வளர்ந்த கை.

4

அந்த வீட்டுக்காரர் எங்கே? வாரப் பத்திரிகை வாசகராக இருந்தால் போன பகுதி முடிந்ததுமே கடிதம் போட்டிருப்பீர்கள்.

முதல் பிரதியில் அவரைக் கடல் கடந்து வேலைக்கு அனுப்பினேன். மாதம் ஒரு போன், அப்புறம் அதுவும்— சலித்தது. இரண்டாவதில் வேறொருத்தியோடு அனுப்பினேன். கதை சூடுபிடித்தது, ஆனால் எழுதி வாசித்தபோது அவர் அப்படிப் போகிற ஆளாகவே இல்லை. மூன்றாவதில் அவரைக் கொன்று, சுவரில் படமாக மாட்ட ஆணியும் அடித்துவிட்டேன். ஆணி நிற்கவில்லை.

முடிவுகளும் அப்படித்தான். ஒன்றில், சீட்டிலிருந்து கணீரென்று பதில் வருகிறது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நட்டைத் திறக்கிறாள், தேர்வாளர் கைதட்டு— எந்தத் தேர்வாளர் கைதட்டியிருக்கிறார்? இன்னொன்றில், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, வாசலைத் தாண்டி— அதுவும் இல்லை. பாதி வேலையில் எழுந்து போகிறவளா அவள்?

ஆகவே மார்க் போடும் பேனாவை உங்களிடமே தந்துவிடுகிறேன். ஆனால் ஒன்றை இதுவரை மறைத்திருக்கிறேன். அதையும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

5

தேர்வு தொடங்குவதற்கு முன்பு நடந்தது இது.

“பிரேக் மிதிக்க எங்க ஸ்டோர்காரர் உக்காரட்டுமா?” என்று கேட்டார் தேர்வாளர். “தொண்டை மைக் செட்டு மாதிரி. பக்கத்துத் தெருவுக்கே கேக்கும்.”

“வேணாம் சார். ஆள் கூட்டிட்டு வந்திருக்கேன்.”

“ஒவ்வொரு தடவையும் பதில் கேக்கணும்மா. கேக்கலைன்னா மார்க் கிடையாது. அது விதி.”

“கேக்கும் சார்.”

அவள் கூட்டி வந்த ஆள் அவள் வீட்டுக்காரர்தான்.

தொண்டையில் கட்டி. அறுவை செய்தவர்கள் உயிரை விட்டுவைத்துக் குரலை எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவர் ஒர்க்‌ஷாப் பக்கமே வரவில்லை. தேர்வுக்கு வரச் சொல்லி அவள்தான் கெஞ்சினாள். வீட்டில் ஏது கார்? சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை பார்த்தார்கள். அவள் ‘பிடி’ என்பாள். அவர் மேஜைப் பலகையில் இரண்டு தட்டு தட்டுவார்.

அன்றும், அவள் ‘பிடி’ என்று சொல்லி வாய் மூடுவதற்குள் கார்க்கதவில் இரண்டு தட்டு விழுந்தது. முதல் பகுதியில் நான் அதை எழுதவில்லை. அவள் காதில் அது விழாமல் இல்லை. விழுந்தும், அவள் கை ஒரு குரலுக்காகக் காத்துக்கொண்டே இருந்தது.

மறுபடியும் இரண்டு தட்டு. இந்தத் தடவை, கோபித்துக்கொண்ட மாதிரி.

“பதில் வரலையேம்மா,” என்றார் தேர்வாளர்.

“வந்துடுச்சு சார்,” என்றாள் அவள். நட்டைத் திறந்தாள்.