மூன்றாம் தட்டுப் பலகை

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நான் செய்தது சரிதானா என்று இன்னும் தெளிவில்லை.

சாப்பாடு முடிந்ததும் புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி எங்களைத் தகரக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். மேசையில் கட்டடத்தின் வரைபடம். எங்கெங்கே ஆபத்து என்று வேலை செய்கிற நாங்களே சொல்ல வேண்டுமாம், அதை வைத்துத்தான் திட்டமாம். மாலை வகுப்புக்குப் போகிற சித்தாள் என்று பேனாவை என்னிடம் கொடுத்தார்.

"யார் யாருன்னு பேரு எடுக்கத்தான் இந்தக் கூத்து," என்று கொத்தனார் என் காதைக் கடித்தார். "நீ பாட்டுக்கு எழுதித் தொலைச்சிடாதம்மா."

அவர் பயம் பொய்யில்லை. போன மாதம் சாரத்தில் ஒரு பலகை விரிசல் விட்டிருப்பதைச் சொல்லப் போனவரிடம், "யார் உடைச்சது?" என்று மேஸ்திரி கேட்டார். மறுநாள் சொன்னவருக்கு வேலை இல்லை. அதிலிருந்து யாரும் போய்ச் சொல்வதில்லை. விரிசல் விட்ட பலகையில் சாக்குத் துணியைக் கட்டிவிடுவோம், துணியைப் பார்த்தால் தாண்டிப் போவோம்.

"வாயத் திறங்கப்பா, கடிச்சா தின்னுடப் போறேன்?" என்றார் அதிகாரி.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். இந்தக் கொட்டகையிலதான் உசிரு போகுது, ஒரு ஃபேன் போடுங்க," என்றார் கம்பி கட்டுகிறவர்.

அதிகாரியும் சேர்ந்து சிரித்தார். "நான் ஆரம்பிச்சுட்டேன். நீங்க சாப்பிடறப்பவே சாரத்துல தொங்கின கந்தலையெல்லாம் அவுக்கச் சொல்லிட்டேன்."

சிரிப்பு நின்றது. காலையில் சாரத்தின் மூன்றாம் தட்டில் துணி கட்டியவர் கொத்தனார். அப்போது என் அண்ணன் தரையில் கலவை போட்டுக்கொண்டிருந்தான். "உங்க நாடகத்துல எனக்கு வேஷம் வேண்டாம்," என்று கூட்டத்துக்கு வராமல் இப்போதுதான் சட்டியோடு மேலே ஏறினான்.

கொத்தனாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். நான் வெளியே ஓடினேன்.

"அண்ணா, அப்படியே நில்லு."

"ஏன், பரீட்சைல தேறிட்டியா?"

எந்தப் பலகை என்று எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து கொத்தனாரின் குரல் வந்தது: "உன் முன்னாடி ரெண்டாவது பலகை, மிதிக்காத. துணி கட்டினது நான்தான்."

அண்ணன் சட்டியை இறக்கிவிட்டு வந்த வழியே இறங்கினான். அதிகாரியும் அடுத்து, "யார் உடைச்சது?" என்றுதான் கேட்பார் என நினைத்தோம்.

"வேற எங்கெல்லாம் துணி இருந்துச்சு?" என்றார்.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். வரைபடத்தில் ஐந்து இடங்களில் குறி போட்டேன், யார் பெயரையும் எழுதவில்லை. "எங்களுக்கும் ஒரு நகல் குடுங்க, அப்புறம்தான் கையெழுத்துப் போடுவோம்," என்றார் கொத்தனார். அதிகாரி கொடுத்தார்.

நகல் என் வகுப்பு நோட்டுக்குள் இருக்கிறது. நாளைக் காலை ஆள் பட்டியலில் கொத்தனார் பெயர் இருக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் அதிகாரியின் அந்தச் சிரிப்பை நம்புவேன்.