தொடக்கூடாதவை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு மாதமாகத் தலைகால் புரியவில்லை. பின்னே? இருபத்தைந்து வருஷம் ஸ்பேனர் பிடித்த கையால் கம்ப்யூட்டரில் ஒரு கருவியே செய்துவிட்டார். இனி மெக்கானிக்குகள் தலையணை கனத்துக்குப் புத்தகம் சுமக்க வேண்டாம். எந்த லிஃப்ட், என்னென்ன தொல்லை என்று தட்டிவிட்டால் போதும். ஒரே தாளில் மூன்று கட்டமாகப் பிரித்துக் கொடுத்துவிடும்: அறிகுறி, செய்ய வேண்டியது, தொடக்கூடாதது. மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பலாம்.

தாள் இரண்டாம் பக்கத்துக்கு ஓடக் கூடாது என்பது அவர் பிடித்த பிடி. "ஒரு பக்கத்துல சொல்ல முடியலன்னா உனக்கே அது புரியலன்னு அர்த்தம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் பேச்சு என்றைக்காவது ஒரு பக்கத்தில் முடிந்திருக்கிறதா என்று கேட்க வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

யாரும் எதற்கும் தங்களுக்கு வேண்டிய தாளைச் செய்துகொள்ளலாம் என்று வைத்திருந்தார். வெளியூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகளுக்கும் அனுப்பினார். 'நீங்கள் எழுதுவது உங்களுக்கு மட்டும்தான். நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்' என்று முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரே ஒரு தாள் மட்டும் இரண்டாம் பக்கத்துக்கு ஓடிவிட்டதாகக் கருவி காட்டியது. எந்தக் கட்டம் நிரம்பி வழிகிறது என்று பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் திறந்தார். சத்தியமாக அவ்வளவுதான் எண்ணம். தலைப்பு 'அப்பா போன்' என்றிருந்தது. அங்கேயே மூடியிருக்க வேண்டும். மனுஷன் மூடவில்லை.

மேலே, முதலில் முழங்கால் வலியை விசாரிக்கவும், அடுத்து கருவியைப் புகழவும் என்று இருந்தது. அதன் கீழே கட்டங்கள். அறிகுறி: 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஆரம்பிப்பது. செய்ய வேண்டியது: 'ஆமாப்பா, நீங்க சொன்னதுதான் சரி' என்று இரண்டு தடவை சொல்லவும், ஒரு தடவை போதாது. அறிகுறி: 'ஒண்ணு சொல்லட்டுமா?' செய்ய வேண்டியது: போனை மேஜையில் வைத்துவிட்டுத் துணி மடிக்கவும்.

இதுவரை அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. அறிகுறி: குரல் ஏறுவது. செய்ய வேண்டியது: யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிடவும். எனக்கு அழுகை வந்தாலும் இதேதான்.

அதை நான்கு தரம் படித்தார். போன மாதம் முழுக்க அவள் வீட்டுக் கதவை யாராவது தட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். "உன் பொண்ணு வீட்டுக்கு எவ்வளவு பேருதான் வருவாங்க!" என்று மனைவியிடம் கிண்டல்கூட அடித்திருந்தார்.

நிரம்பி வழிந்தது தொடக்கூடாதது என்ற கட்டம். என் எடை, என் கல்யாணம், தம்பியின் சாமர்த்தியம், ராஜினாமா செய்த என் தோழி என்று வரிசையாகப் போய், இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி விழுந்திருந்தது: 'எனக்கு வேலை போய் மூன்று மாசம் ஆகிறது. அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியவே கூடாது.'

காது மடல் இரண்டும் சுட்டன. பெற்ற மகள், பழுதான லிஃப்டுக்கு எழுதுவதுபோல அவருக்கு எழுதி வைத்திருந்தாள். மகள் எழுதியதைத் திருட்டுத்தனமாகப் படித்தது ஒரு வெட்கம். படித்ததில் மறுப்பதற்கு ஒரு வரிகூட இல்லாதது அதைவிடப் பெரிய வெட்கம்.

மனைவி போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "இந்தாங்க, பொண்ணு. என்ன, முகமே ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"முழங்கால் வலி எப்படி இருக்குப்பா?" என்றாள் மகள்.

"பரவாயில்லம்மா."

"உங்க டூல் பிரமாதமா இருக்குப்பா. இங்க ஆபீஸ்ல எல்லாரும் கேக்குறாங்க. எனக்குத்தான் வேலை கழுத்து வரைக்கும் இருக்கு, காட்ட நேரமில்ல."

இல்லாத ஆபீஸைப் பற்றி அவ்வளவு உற்சாகமாகச் சொன்னாள். ஒன்றும் தெரியாததுபோல இருந்துவிட்டு, இன்றிலிருந்து தன்மையாகப் பேசிப் பேர் வாங்கிவிடலாமா என்று அவருக்கு ஒரு நப்பாசை வந்தது. வந்த வேகத்தில் தன்மேலேயே அருவருப்பும் வந்தது.

"உன் தாளைப் பார்த்துட்டேன்மா."

"எந்தத் தாள்?"

"என்னைப் பத்தினது. பார்க்க மாட்டேன்னு எழுதிப் போட்டுட்டுப் பார்த்துட்டேன். முழுசாப் படிச்சுட்டேன். தப்பு என்மேலதான், எல்லாத்துலயும். என்னை மன்னிச்சுக்கோம்மா."

அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. சமையலறைக்குத் திரும்பிய மனைவி அப்படியே நின்றுவிட்டாள். போனில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. ஒரு பக்கம், பிறகு இன்னொரு பக்கம்.

"இதுக்கு நான் எதுவுமே எழுதி வைக்கலப்பா" என்றாள் மகள். குரல் உடைந்திருந்தது.

"வேண்டாம்மா. நீயா என்ன சொல்லணுமோ சொல்லு. சொல்ல வேணாம்னாலும் சரி."

காகிதத்தை அவள் மடித்து வைப்பது கேட்டது. பிறகு, அவர் எதையுமே படிக்காதவர்போல, முதல் தடவையாகச் சொன்னாள்: "எனக்கு வேலை போயிடுச்சுப்பா."

மெக்கானிக்கின் நாக்கு நுனிக்கு உடனே நாலைந்து யோசனைகள் வந்து நின்றன. பாழாய்ப்போன பழக்கம். அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டார். மகள் சொல்லிக்கொண்டே போனாள்.